அடித்தவர் யார்? நெருக்கடிநிலைச் சிறைப் பதிவுகளும் அதன்பின் வந்த மௌனமும்

பினாங்கு டத்தோ கிராமாட் வட்டாரத்தில் வாழ்வோர்க்குச் சிறைச்சாலை கதைகளில் மட்டும் காணும் பொருளன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பினாங்குச் சிறையின் மதிலைக் கண்டே நம்மில் பலர் வளர்ந்தோம். ஆயினும் சிறைபற்றிய தமிழ் எழுத்துகளை இலக்கியமாகவும் ஆவணமாகவும் ஒருங்கே வைத்துப் படிக்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. அரசியற் கட்சித் தொண்டர்களைக் காவல்துறையும் சிறைத்துறையும் நடத்திய விதத்தைத் தமிழ் எவ்வாறு பதிவு செய்தது, எங்கே பதிவு செய்யாமல் நின்றது என்பதைச் சென்னையின் 1976–77 நிகழ்வுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1975 ஜூன் 25-இல் இந்தியாவில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. தொடர்ந்து மிசா சட்டத்தின்கீழ் அக்கட்சியினர் பலர் சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டனர். பிப்ரவரி 2 இரவு அவர்கள் தாக்கப்பட்டனர். மு.க. ஸ்டாலின்மேல் விழவிருந்த அடிகளைத் தாம் ஏற்றுக்கொண்டவராக நினைவுகூரப்படும் சென்னை முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் மறைந்தார். அவ்வடிகளே அவர் மறைவுக்குக் காரணம் என்று அவருடைய கட்சியினர் கூறிவருகின்றனர். அவர் சிறையில் எழுதிய நாட்குறிப்பு பின்னர் நூல்வடிவம் பெற்றது. நெருக்கடிநிலை நீங்கியபின் 1977-இல் அமைந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம் சிறைக்கொடுமைகளை விசாரித்து, தாக்குதல் நிகழ்ந்ததை உறுதிசெய்தது.

இவ்விரு பதிவுகளும் இருவேறு மொழிநடைகளைச் சார்ந்தவை. நாட்குறிப்பு தன்மை இடத்தில் நிற்கிறது. தன் உடலில் விழுந்த அடியைத் தானே எழுதுபவரால் அடித்தவரை மறைக்க இயலாது. விசாரணை அறிக்கையோ சாட்சியம், மறுப்பு, முடிவு என்னும் ஒழுங்கில் நடப்பது. அங்கு வலிக்கு இடமில்லை, மெய்ப்பிக்கப்பட்டதற்கே இடமுண்டு. முன்னதன் உணர்ச்சி பின்னதன் நிதானத்தால் உறுதி பெறுகிறது. பின்னதன் வறட்சி முன்னதால் உயிர்பெறுகிறது. இரண்டில் ஒன்றை மட்டும் படிப்பவர் பாதியே அறிவார் என்பது நம் துணிபு.

இஸ்மாயில் நமக்குக் கம்பராமாயண ஆய்வாளராகவே நன்கு அறிமுகமானவர். வாலி வதையைக் குறித்து 'மூன்று வினாக்கள்' என்னும் நூலை எழுதியவர் அவர். மறைந்து நின்று அம்பெய்தவனை நோக்கி வீழ்ந்தவன் நியாயம் கேட்கும் இடம் அது. காப்பியத்தையும் ஆணையத்தையும் ஒன்றாக்கிப் பார்ப்பது மிகையாகும். எனினும், வலியவன் தொடுத்த அடிக்கு வீழ்ந்தவன் கேட்கும் வினாவைப் புறந்தள்ளாமல் கேட்கும் பயிற்சி இவ்விரண்டிற்கும் பொது எனலாம்.

இனி மௌனத்திற்கு வருவோம். 1977 மார்ச்சில் நெருக்கடிநிலை முடிவுற்றது. ஜூன் இறுதியில் எம்.ஜி.ஆர். முதல்வரானார். அக்டோபர் இறுதியில் இந்திரா காந்தி தமிழகம் வந்தபோது தி.மு.க. கறுப்புக்கொடி காட்டியது. 29-ஆம் நாள் மதுரையில் அவர்மேல் கல்வீச்சு நிகழ்ந்தது. அப்போது காங்கிரசில் இருந்த பழ. நெடுமாறன் அவரைக் காத்தார். கலைஞர் உள்ளிட்ட தி.மு.க.வினர் கைதாயினர். மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியின்கீழ் நிகழ்ந்த இக்கைதுகளைப் பற்றிச் சிட்டிபாபு நாட்குறிப்பைப் போல் நினைவில் நிற்கும் நூல் ஒன்று எழவில்லை. அசோகமித்திரனின் 'இன்று' முதலிய மிகச்சில புனைவுகளே அக்காலச் சூழலைத் தொடுகின்றன.

இதற்கு இரு காரணங்களைக் கருதலாம். முதலாவது அரசியல் சார்ந்தது. கல்வீச்சு நிகழ்ந்த போராட்டத்தில் அடிபட்டவரைக் குற்றமற்ற தியாகியாக எழுதுவது எளிதன்று. மேலும், 1980 தேர்தலில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் கூட்டணி கண்டன. நேற்றைய எதிரி இன்றைய தோழனாகும்போது நேற்றைய காயம் பேசப்படுவதில்லை. இரண்டாவது மொழி சார்ந்தது. கூட்டத்தினர் அடிக்கப்படும்போது நம் செய்தித்தமிழ் 'தடியடி நடத்தப்பட்டது' என்கிறது. விழா நடத்தப்படுவதுபோல் அடியும் 'நடத்தப்படுகிறது'. 'லேசான' என்னும் அடை வேறு அதன்முன் வந்து சேர்கிறது. எழுவாய் மறைந்துவிட்ட வாக்கியத்தில் பொறுப்பும் மறைந்துவிடுகிறது. கொடுங்கோன்மையில் அடித்தவருக்குப் பெயர் உண்டு. மக்களாட்சியில் அடித்தவர் செயப்பாட்டுவினைக்குள் ஒளிந்துகொள்கிறார்.

ஆட்சி மாறினும் காவல்துறையின் அமைப்பு மாறுவதில்லை என்பதை அன்றைய இந்திய அரசும் உணராமலில்லை. 1977 நவம்பரில் தேசியக் காவல் ஆணையம் அமைக்கப்பட்டு, 1981-க்குள் எட்டு அறிக்கைகளைத் தந்தது. அவை பெரும்பாலும் கிடப்பில் கிடக்க, 2006-இல் உச்ச நீதிமன்றமே காவல்துறைச் சீர்திருத்தத்திற்கான நெறிகளை வகுக்க நேர்ந்தது.

நம் நாட்டு அனுபவமும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1998 செப்டம்பரில் பெர்மாத்தாங் பாவ் நாடாளுமன்ற உறுப்பினர் அன்வார் இப்ராகிம் காவலில் தாக்கப்பட்டார். அரச விசாரணை ஆணையத்தின் முன், அன்றைய காவல்துறைத் தலைவர் ரஹிம் நோர் தாம் அடித்ததை ஒப்புக்கொண்டார். 2000-ஆம் ஆண்டு சிறைத்தண்டனையும் பெற்றார். அங்கே எழுவாய் வெளிப்பட்டது; அதனால் பொறுப்பும் வெளிப்பட்டது. ஆனால் அன்வார் நாடறிந்த தலைவர். அதே ஆண்டுகளில் தெருவில் அடிபட்ட பெயரறியாத் தொண்டர்களுக்கு அவ்வாறு ஓர் ஆணையம் வாய்க்கவில்லை. 1960-ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டதும் இக்கேள்வியை முடித்துவிடவில்லை.

சிறை இலக்கியத்தைத் தியாக வரலாறாக மட்டும் கற்பித்தல் போதாது. தலைவரின் காயம் நூலாகிறது. தொண்டரின் காயம் செய்தியின் கடைசி வரியாகிறது. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்த வகுப்பறையில் ஓர் எளிய பயிற்சி போதும். போராட்டச் செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் செயப்பாட்டுவினைகளைச் செய்வினையாக்கச் சொல்லலாம். எழுவாய் கிடைக்காத இடத்தில் மாணவர் தடுமாறுவர். அத்தடுமாற்றமே திறனாய்வின் தொடக்கம் என்பது நம் கருத்து.