வாய்விட்டுப் படித்துக் காட்டுவது

ரசிகமணி டி.கே.சி. (1882–1954) கவிதையைப் பாராட்டிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ இலக்கிய வட்டத்தில் பாட்டை வாய்விட்டு, நிறுத்தி, மறுபடி மறுபடி படிப்பார். எந்தச் சொல்லில் உணர்ச்சி ஏறுகிறது, எங்கே தாளம் விழுகிறது என்று காட்டுவார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பெயர் நாஞ்சில் நாட்டைத் தாண்டிப் பரவியதில் அந்த ரசனைக்குப் பெரிய பங்குண்டு.

அப்படிப் பாராட்டும் வாய்ப்பு நமக்கும் வரும். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில், ஷிஃப்ட் முடிந்து மீஞ்சூரில் இறங்கப்போகும் நண்பர் தன் கவிதையைக் கைபேசியில் நீட்டுகிறார். ‘சூப்பர்’ என்று திருப்பிக் கொடுத்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? நன்றாக வந்திருக்கும் ஒரே வரியைக் கண்டுபிடித்து, அவர் காதுபடப் படித்துக் காட்ட வேண்டும். தன் வரியை அடுத்தவர் குரலில் கேட்கும்போது, தளர்ந்த இடமும் அவருக்கே பிடிபட்டுவிடுகிறது. குறை சொல்ல நமக்கு வேலையே இல்லை.