ஒளிக்க எதுவுமில்லாத வித்தை

பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கும் ஜக்ளிங் வித்தைக்கான கூடல் நடக்கும் மண்டபத்துக்குள் நுழைகிறவர் காதில் முதலில் விழுவது, பொருட்கள் தரையில் விழும் ஓசைதான். தினை அடைத்த பந்து பொத்தென்று விழுந்து அங்கேயே கிடக்கும். போத்தல் வடிவப் பிளாஸ்டிக் கிளப் மரத்தரையில் மோதினால் நாலு முறை துள்ளிச் சடசடத்து அடுத்தவர் காலடி வரை ஓடும். காலையிலிருந்து நள்ளிரவு தாண்டியும் இந்த ஓசை ஓய்வதில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சர்க்கஸ் கூடாரத்தில் ஒரு பந்து நழுவினால் கூட்டம் ‘ச்சு’ கொட்டும். இங்கே குனிந்து எடுப்பதும் எறிவதைப் போலவே அன்றாட வேலை.

பிரிட்டனில் இப்படிப்பட்ட வாரக்கடைசிக் கூடல்கள் ஏதாவது ஓர் ஊரில் நடந்துகொண்டே இருக்கின்றன. ஒரு பள்ளிக்கூடத்தின் அல்லது பல்கலைக்கழகத்தின் உள்விளையாட்டு மண்டபம் போதும். கூரை மட்டும் உயரமாக இருக்க வேண்டும். பந்து காற்றில் இரு மடங்கு நேரம் இருக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு உயரம் போயாக வேண்டும். ஏழு பந்து எறிகிறவர்கள் மண்டபத்துக்குள் வந்ததும் அண்ணாந்து பார்ப்பது அதனால்தான். ஏற்பாடெல்லாம் உள்ளூர் ஆர்வலர்களுடையது. சம்பளம் கிடையாது. வாசலில் சீட்டுக் கொடுத்தவரே மத்தியானம் கயிற்றில் சுழற்றும் டயபோலோவுக்கு வகுப்பு எடுப்பார், ராத்திரி மேடைக்கு விளக்கும் போடுவார். வெளியூர்க்காரர்கள் ஸ்லீப்பிங் பேக்கை விரித்துப் பக்கத்து அறைத் தரையில் படுத்துக்கொள்வார்கள். ஒற்றைச் சக்கர சைக்கிள், பொருட்கள் விற்கும் மேசை, ஓயாத தேநீர் எல்லாம் உண்டு. அவை கிடக்கட்டும்.

நான் போவது பார்க்க. மூன்று பந்து எனக்கும் ஓடும், அதற்கு மேல் இல்லை. ஆனால் பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. மேடையில் பார்ப்பது சமைத்துப் பரிமாறியது. இங்கே வித்தை இன்னும் அடுப்பில் இருக்கிறது. எதையும் மறைக்கிறவர் எவரும் இல்லை. மறைக்க அந்தக் கலையில் எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு அதன் மேல் உள்ள மரியாதைக்குக் காரணம்.

அமெரிக்காவில் 1947-இல் சர்வதேச ஜக்ளர்கள் சங்கம் பிறந்தது ஒரு மந்திரவாதிகள் மாநாட்டின்போது. அங்கே வந்திருந்த ஜக்ளர்கள் தனியே கூடி, இனி நமக்கென்று ஓர் அமைப்பு வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். இரு கூட்டமும் ஒன்றாக இருந்ததுதான் ஆச்சரியம். மந்திரவாதியின் தந்திரம் தெரிந்துவிட்டால் அவருடைய பிழைப்பு போச்சு. ஜக்ளரின் வித்தையை மெதுவாக, விளக்கமாக, நூறு முறை காட்டினாலும் பார்த்தவருடைய கைக்கு அது வந்துவிடாது. பிறகு கற்றுக் கொடுப்பதில் என்ன நஷ்டம்? ஐரோப்பாவின் முதல் கூடல் 1978-இல் பிரைட்டனில் நடந்தபோது வந்தவர்கள் பதினோரு பேர். இன்று அந்த ஐரோப்பியக் கூடலுக்கு ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். கொடுத்துக் கொடுத்தே பெருகிய கூட்டம்.

இந்தத் திறந்த மனதின் உச்சம் சைட்ஸ்வாப் என்ற எண் குறியீடு. 1980-களின் முதற்பாதியில் கலிபோர்னியாவிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் வெவ்வேறு ஆட்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஏறக்குறைய ஒரே முறையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பந்தை எறிந்தபின் எத்தனையாவது தாளத்தட்டில் அதே பந்து மறுபடி எறியப்படுகிறது என்பதுதான் எண். ஒற்றைப்படை எண் என்றால் மறு கைக்குப் போகும், இரட்டைப்படை என்றால் எறிந்த கைக்கே திரும்பும். சாதாரண மூன்று பந்து எறிதல் 3, 3, 3 என்று போகும். 4, 4, 1 என்று எறிந்தால் இரண்டு பந்துகள் அடுத்தடுத்து நெட்டாக மேலே போக, மூன்றாவது அடியில் கைக்குக் கை தாவும். எண்களின் சராசரிதான் பந்துகளின் எண்ணிக்கை. சராசரி முழு எண்ணாக வராவிட்டால் அப்படி எறியவே முடியாது. வந்தாலும் முடியும் என்று உறுதியில்லை: 3, 2, 1 என்று எறிந்து பாருங்கள், மூன்றும் ஒரே நொடியில் ஒரே கையில் வந்து மோதும். இந்தக் கணக்கு வந்தபின், யாரும் எறிந்தே பார்த்திராத வடிவங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போய் மண்டபத்தில் சோதிக்க முடிந்தது. இரண்டு பேர் ஒரு துண்டுக் காகிதத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க அதனோடு மல்லுக்கட்டுவதை இந்தக் கூடல்களில் பார்க்கலாம்.

எண்ணிக்கை மேல் எனக்கு மோகம் இல்லை. ஏழு பந்து எறிகிறவரைச் சுற்றி எப்போதும் சின்னக் கூட்டம் நிற்கும். அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனால் ஏழு என்றதும் பெரும்பாலான கைகளில் அது பிழைத்துக் கிடப்பதற்கான போராட்டமாகிவிடுகிறது. தோள் இறுகிவிடும், கண் கூரையை விட்டு இறங்காது. மூன்றே பந்தில் ஒருவர் ‘மில்ஸ் மெஸ்’ செய்யும்போது கவனியுங்கள். ஸ்டீவ் மில்ஸ் என்பவர் 1970-களில் பரப்பிய வடிவம் அது: கைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டுப் பின்னிப் பிரிய, பந்துகள் இடமும் வலமுமாகத் துரத்திக்கொண்டு திரியும். தேர்ந்த கையில் வேகமே தெரியாது. கற்றுக்குட்டி பந்தைப் பிடிக்கப் போவார். தேர்ந்தவர் கை இருக்கும் இடத்துக்குப் பந்து வரும். பிடிப்பதைப் பார்க்காமல் எறிவதைப் பாருங்கள் என்பதுதான் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது. பந்து விழுவது பிடி தவறியதாலல்ல, பெரும்பாலும் அதற்கு முந்தைய எறி கோணியதால்.

இது இன்னும் தெளிவாகத் தெரிவது இருவர் எதிரெதிரே நின்று ஆறு கிளப்புகளைப் பரிமாறும்போது. எதிரில் நிற்பவர் எட்டிப் பிடித்தால் குற்றம் எறிந்தவருடையது என்பது அங்கே எழுதாத சட்டம். நன்றாகப் போகும்போது கிளப்பின் கைப்பிடி உள்ளங்கையில் பட்டுப் பட்டு ஒரு தாளம் எழும். நான்கு எறிக்கு ஒன்று பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூன்றுக்கு ஒன்று என்று மாறும்போது சதுஸ்ரத்திலிருந்து திஸ்ரத்துக்கு நடை மாறிய சுகம். மூன்றில் வலக்கையும் இடக்கையும் மாறி மாறிக் கொடுக்க வேண்டும், இடக்கையின் சாயம் அங்கே வெளுத்துவிடும்.

இங்கிலாந்தில் இதையெல்லாம் பார்க்கும்போது ரமோ சாமியின் நினைப்பு வராமல் போகாது. நம் ராமசாமிதான் அந்த ஊர் நாக்கில் அப்படி ஆகியிருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மேடைகளில் பெரும்புகழ் பெற்ற இந்திய வித்தைக்காரர். அதே காலத்தில் இந்திய ஜக்ளர் ஒருவர் நான்கு பித்தளைப் பந்துகளை எறிவதைப் பார்த்துவிட்டு வில்லியம் ஹாஸ்லிட் எழுதிய கட்டுரை ஆங்கில உரைநடையில் இன்றும் பேசப்படுவது. இவ்வளவு பிசகில்லாமல் செய்ய எனக்கு எது தெரியும் என்று அந்த எழுத்தாளர் அதில் கூசிப்போகிறார். ரமோ சாமி 1850-இல் லண்டனில் இறந்தபோது அடக்கம் செய்யப் பணமில்லை. மனைவி பத்திரிகை வழியே உதவி கேட்டார். வித்தை ஒன்றே முதலாக, வேற்றுநாட்டில் நின்ற மனிதர். வேலை முடிந்து வந்த கணினிக்காரரும் ஆசிரியரும் மாணவியும் காசு பற்றிய நினைப்பில்லாமல் அதே எறியை ஒருவருக்கொருவர் திருத்திக்கொள்ளும் மண்டபத்தில் அவரை ஓர் இரவு நிறுத்திப் பார்க்க ஆசை.

சனிக்கிழமை இரவு முறையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. சில சமயம் அருமை, சில சமயம் இசை மட்டும் அதிகம். அதற்குப் பிறகு நள்ளிரவில் தொடங்கும் ‘ரெனகேட்’ மேடைதான் என் கட்சி. யார் வேண்டுமானாலும் ஏறலாம், அரைவேக்காடு தடையில்லை. நன்றாகத் தோற்றவருக்கும் கைதட்டல் பலமாகவே கிடைக்கும்.

விளையாட்டுப் போட்டிகளில் ‘காம்பட்’டைத் தவறவிடக் கூடாது. எல்லோரும் மூன்று மூன்று கிளப் எறிந்துகொண்டே நடுவில் நடப்பார்கள். அடுத்தவருடைய கிளப்பைத் தட்டிவிடலாம், காற்றிலேயே களவாடலாம். தன்னுடையது விழுந்தால் வெளியே. பலசாலிகள் நடுவில் முட்டிக்கொண்டு சீக்கிரம் தீர்ந்துபோவார்கள். கடைசியில் மிஞ்சுவது ஓரமாகவே நடந்து, எறியைத் தாழ்வாக வைத்துக்கொண்டு, எதிராளியின் ஒரு கிளப் கொஞ்சம் உயரும் வரை காத்திருக்கத் தெரிந்தவர். ஜெயித்தவரைத் தோற்றவர்கள் அங்கேயே சூழ்ந்துகொண்டு எப்படித் தட்டினாய் என்று கேட்பார்கள். அவரும் அடுத்த ஆட்டத்துக்கு மணி அடிப்பதற்குள் இரண்டு முறை செய்து காட்டிவிடுவார்.