தீராத நோயும் தணிப்பு மருத்துவமும்

சுவிற்சலாந்தைச் சேர்ந்த மனுவேல் ட்றாக்செலும் வேறு சிலரும் 2016இல் வெளியிட்ட கட்டுரையொன்று 'தணிப்பு உளமருத்துவம்' என்னும் கருத்தை முன்வைத்தது. கடுமையானதும் நெடுங்காலம் நீடிப்பதுமான உளநோய் உயிருக்கே ஊறாகுமிடத்து, பயன் ஐயத்துக்குரியனவும் நோயாளிக்குப் பெருஞ்சுமையாவனவுமான சிகிச்சைகளைத் தவிர்த்து, துன்பத்தைத் தணிப்பதையே குறிக்கோளாகக் கொள்ளல் வேண்டும் என்பது அதன் சாரம்.

இதன் முன்மாதிரி புற்றுநோயாளர் பராமரிப்பாகும். சிசிலி சோண்டர்ஸ் 1967இல் இலண்டனில் நிறுவிய புனித கிறிஸ்தோபர் இல்லத்தில், சாவை அணுகியோரின் உடல்வலியோடு உள்ளத்துயரும் ஒருங்கே கவனிக்கப்பட்டது. எனினும் ஒப்புமை ஓரிடத்தில் இடறுகின்றது. புற்றுநோய் முற்றியமையைச் சோதனைகள் காட்டிவிடும். மனச்சிதைவு நோய் இனித் தீராதெனக் காட்டவல்ல சோதனை எதுவுமில்லை. 'தீராது' என்பது இங்கு மருத்துவரின் கணிப்பு மாத்திரமே.

அக்கணிப்பு எத்துணை பிழைக்கக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநில ஆய்வு தக்க சான்று. அங்குள்ள அரச மனநோய் மருத்துவமனையில் ஆண்டுக்கணக்காக முடங்கிக் கிடந்த 269 பேர் 1950களில் புனர்வாழ்வுத் திட்டமொன்றிற் சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழ மூன்று தசாப்தங்களின் பின் அவர்களை ஆராய்ந்த கோட்னி ஹாடிங் குழுவினர், அரைவாசிப்பேர் முதல் மூன்றில் இரு பங்கினர் வரை குணமடைந்தோ பெரிதும் தேறியோ இருந்தனரென 1987இல் எழுதினர். மருந்தோடு தங்குமிடமும் தொழிலும் தேடிக் கொடுக்கப்பட்டமை மறக்கற்பாலதன்று. பிற மருந்துகளுக்கு இணங்காதோருள் 30 வீதமானோர் குளோசப்பின் மருந்தால் ஆறு வாரத்திற் பயனடைந்தமையை 1988ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. இவற்றுள் ஒன்றேனும் கிட்டாத ஒருவரைத் 'தீராதோர்' வரிசையிற் சேர்த்தல் எளிது, மலிவுங்கூட.

இதனால் அக்கட்டுரை முற்றாகத் தள்ளத்தக்கதென்பதன்று. உணவை வெறுக்கும் நோயாளிக்கு மீண்டும் மீண்டும் வலிந்து உணவேற்றல், கேட்கும் குரல்களை ஒடுக்கும் பொருட்டு நடுக்கமும் அயர்வும் தரும் அளவுக்கு மருந்தைக் கூட்டல் முதலியவற்றை ஐயுறும் துணிவு அதில் உண்டு. குரல்கள் ஒழியாவிடினும் அவற்றோடு வாழலாம் என்பதையும், நோயாளிக்கு உண்மையில் நோவது எது என அவரையே வினவவேண்டும் என்பதையும் ஏற்கும் மருத்துவம் மேலானதே. எனின், இத்தகைய பராமரிப்பு முதல் நாளிலேயே நோயாளி எவருக்கும் உரியதாகாதது ஏன்? உயிருக்கு ஊறான, நெடிது நீடித்த நோய் என எல்லை வகுத்துக்கொண்ட கட்டுரையாளரின் வரைவிலக்கணம் அவ்வினாவுக்கு இடம் வைக்கவில்லை.