திருடன் கேட்ட கேள்வி

ஒரு வீரனுடைய பெருமையை அளக்க முற்படுவோர் அவன் வென்ற நாடுகளை எண்ணுவர். அவன் பொருட்டு மடிந்தவர்களை எண்ணுவார் இலர். ஜப்பானிய டைரக்டர் அகிரா குரோசாவா 1980-ம் ஆண்டில் எடுத்த 'காகெமுஷா' என்னும் படம் இவ்விரண்டாவது கணக்கைத் துணிவுடன் தொடங்குகிறது. ஆனால் முடிக்கவில்லை என்பதே நமது துணிபு. கான் நகரத்துத் திரைப்பட விழாவில் அவ்வாண்டின் தலைப்பரிசை மற்றொரு படத்தோடு பகிர்ந்துகொண்ட படம் இது. அதன் சிறப்பில் நமக்கு ஐயமில்லை. சிறந்த படமாதலின் அதன் குறையையும் எடுத்துக்காட்டுதல் கடனாகிறது.

1467-ம் ஆண்டில் கியோத்தோ நகரில் மூண்ட ஓனின் யுத்தத்திற்குப் பின் நூறாண்டுக்கு மேலாக ஜப்பானில் அமைதி இல்லை. சக்கரவர்த்தி பெயரளவில் இருந்தார். ஷோகுன் எனப்பட்ட சேனாதிபதியின் ஆணை செல்லாக்காசாயிற்று. வாள்வலிமை உடையவனெல்லாம் குறுநில மன்னனானான். அவர்களுள் ஒருவனே காய் நாட்டுத் தக்கேடா ஷிங்கென். 1541-ல் பெற்ற தந்தையையே நாட்டைவிட்டுத் துரத்தி அரசேறியவன் அவன்.

படத்தின் முதற் காட்சியில், சிலுவையில் மாள இருந்த திருடன் ஒருவனை ஷிங்கெனின் தம்பி மீட்டுக் கொணர்கிறான். உருவத்தில் அவன் ஷிங்கெனை அச்சாக ஒத்திருக்கிறான். இருவர் வேடத்தையும் நக்காடாய் தட்சுயா ஒருவரே ஏற்றிருக்கிறார். சில காசு திருடிய நான் கொடியவனா, பலரைக் கொன்று நாடுகளைத் திருடிய நீ கொடியவனா என்னும் கருத்துப்பட அத்திருடன் மன்னனை முகத்துக்கு நேரே வினவுகிறான். ஒருவருக்கு உழைத்து உண்போர் எவர்க்கும் இக்கேள்வி அந்நியமானதன்று. படம் முழுவதும் இதற்கு விடை தேடிச் செல்லும் என்று நாம் நிமிர்ந்து உட்காருகிறோம்.

1573-ல் ஷிங்கென் இறக்கிறான். மூன்றாண்டு அச்செய்தி வெளிவரலாகாது என்பது அவன் கட்டளை. திருடன் அவன் ஆசனத்தில் அமர்த்தப்படுகிறான். இரவுப் போரொன்றில் இந்தப் பொய்யுருவைக் காக்க மெய்யான இளைஞர்கள் குறுக்கே நின்று குண்டேற்று வீழ்கிறார்கள். நிழலைக் காக்க உயிர்கள் போகின்றன! அதைக் கண்டு திருடனின் முகம் மாறும் இடமே படத்தின் உயிர்நிலை என்போம்.

1575-ம் ஆண்டு நாகஷினோப் போர்க் காட்சியும் அவ்வாறே உயர்ந்தது. ஒடா நொபுனாகாவும் தொக்குகாவா இயெயாசுவும் மரவேலிகளுக்குப் பின் துப்பாக்கிக்காரர்களை நிறுத்தியிருக்கிறார்கள். ஷிங்கெனின் மகன் கட்சுயோரி படைகளை அலை அலையாக ஏவுகிறான். குரோசாவா கொலையைக் காட்டவில்லை. வெடிச்சத்தத்தையும், பார்த்திருப்போர் முகங்களையும் காட்டி, இறுதியில் வீழ்ந்த மனிதரையும் துடிக்கும் குதிரைகளையும் காட்டுகிறார். போரை அழகாக்காத இக்கண்ணியம் பலருக்கு வாய்ப்பதன்று. மூன்று வரிசையாய் மாறி மாறிச் சுட்டனர் என்னும் செய்தி பிற்கால நூலொன்றில் வருவது. நொபுனாகாவின் ஊழியர் ஓத்தா கியூயிச்சி எழுதிய வரலாற்றில் அது இல்லை. இத்தகைய வேறுபாட்டை நாம் பெரிதாகக் கொள்ளவில்லை.

ஆயின் இரண்டு குறைகளைப் பொறுத்தல் இயலாது. முதலாவது, அழிவின் பழி முழுவதும் மகன் தலையில் ஏற்றப்படுகிறது. 1574-ல் தக்காதென்ஜின் கோட்டையைப் பிடித்தவன் கட்சுயோரியே. அப்பொழுது தந்தை உயிருடன் இல்லை. படமோ தந்தையின் நிழல் பின்னே வீற்றிருந்ததையே படையின் பலமாகக் காட்டுகிறது. நாகஷினோவோடு அக்குலம் அழிந்ததுபோலத் தோன்றும்படி முடிக்கிறது. அவன் 1582 வரை நாடாண்டான் என்பது சரித்திரம். மகன் பேதை என்றால் தந்தை மலையாகிவிடுகிறான். கேள்வி கேட்கப்பட்டவன் விடை சொல்லாமலே தப்பிவிடுகிறான்.

இரண்டாவது குறையே பெரிது. வேடம் வெளிப்பட்டபின் திருடனைத் துரத்துகிறார்கள். துரத்தப்பட்டவன் என் செய்கிறான்? போர்க்களத்திற்கு ஓடி, ஈட்டி ஏந்தித் தனியனாய் வேலியை நோக்கிப் பாய்ந்து, சுடப்பட்டு, தக்கேடாக் கொடி கிடக்கும் நீரில் பிணமாய் மிதந்து செல்கிறான். தொடக்கத்தில் கேள்வி கேட்ட வாய், தன்னைத் துரத்திய குலத்திற்காகவே அடைபட்டுப் போகிறது. இது துன்பக் காட்சியே, விடையன்று.

சரித்திரத்தில் விடை இருந்தது. நாகஷினோக் கோட்டைக்குள் சுமார் 500 பேர் முற்றுகையில் சிக்கியிருந்தபோது, தோரி சுனேமோன் என்னும் தாழ்நிலைச் சிப்பாய் இரவில் ஆற்றில் நீந்தி வெளியேறி உதவி வேண்டினான். உதவி வருமென்ற செய்தியுடன் திரும்புகையில் தக்கேடாப் படையிடம் அகப்பட்டான். உதவி வராது என்று கோட்டையை நோக்கிக் கூவினால் உயிர்ப்பிச்சை என்றார்கள். வரும், உறுதியாயிருங்கள் என்று கூவினான், சிலுவையில் மாண்டான். கோட்டை நின்றது. அவனும் ஒரு தலைவனின் ஊழியனே. ஆயினும் அவன் இறந்தது பசித்திருந்த தோழர்களுக்காக. சிலுவையிலிருந்து மீட்கப்பட்டவனின் கதையில், சிலுவைக்குச் சென்ற இவனுக்கு இடமில்லாது போயிற்று.

வாசகர்களே, வாய்ப்பு நேருமாயின் இப்படத்தைத் தவறாது பாருங்கள். பட்டுக் கொடிகளின் அழகில் மனம் மயங்கும், மயங்கட்டும். ஆயினும் கொடி பிடித்தவனின் பெயர் யாது என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.