புலியை நெய்தோர்

புதுச்சேரிப் பையன் ஒருவன். நடுக்கடலில் ஒரு படகு. அதிலே ஒரு வங்கப்புலி! ஆங் லீ இயக்கி, 2012-இல் வெளிவந்த 'லைஃப் ஆஃப் பை' படத்தைக் கண்டோர், மாயம் என்றனர். மாயமா அது? அன்று, மனித மூளை, மனித உழைப்பு!

கடல் என்பது, தைவான் நாட்டுத் தைச்சுங் நகரில், கைவிடப்பட்ட விமான நிலையத்திலே கட்டிய நீர்த்தொட்டி. புலியோ, பெரும்பாலான காட்சிகளில் கணிப்பொறி ஈன்ற குட்டி! உண்மைப் புலிகள் நான்கின் நடையையும் தசையின் அசைவையும் கூர்ந்து கற்று, மயிர் மயிராக அதனை ஆக்கியோர், 'ரிதம் அண்டு ஹியூஸ்' எனும் அமெரிக்க நிறுவனத்துக் கலைஞர்கள். மும்பையிலும் ஐதராபாத்திலும் அதற்குப் பணிமனைகள் இருந்தன. அவர்களே ஆக்கிய மென்பொருள் 'வூடூ'. நீருக்குத் துணைநின்றது 'ஹூடினி'. பெயர்கள் மந்திரப் பெயர்கள். உள்ளே இருப்பதோ கணக்கு! வித்தைக்காரர் ஹூடினியே, ஆவியுடன் பேசுவதாகக் கூறிய எத்தர்களை அம்பலப்படுத்தியவர் அன்றோ!

நம் நாகல் நகர்த் தறியிலே ஊடை ஊடையாகச் சேலை வளர்வதுபோல, நொடிக்கு 24 படங்களாக வளர்ந்தது அப்புலி.

படத்தின் முடிவிலே நாயகன் இரு கதைகளைக் காட்டுகிறான். ஒன்றில் புலி; மற்றொன்றில் புலி இல்லை, மனிதரின் கொடுமை மட்டுமே. எது இனியது என்று கேட்கிறான். புலிக் கதையே என்று விடை வந்ததும், கடவுள் செய்தியும் அவ்வாறே என்கிறான். கலை என்றால் நயமான முடிவு. வாதம் என்றால் நழுவல். இனிமை, உண்மைக்குச் சான்றாகுமா?

படத்துக்கு வெளியேயும் இரு கதைகள் உண்டு. 2013 பிப்ரவரி 24 அன்று நான்கு ஆஸ்கர் விருதுகள். அவற்றுள் காட்சி விளைவுக்கும் ஒன்று. இது இனிய கதை. அதே மாதம், சில நாட்கள் முன்னர், விருதுக்குரிய அந்நிறுவனம் திவால் மனு அளித்தது. 200க்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். மண்டபத்துக்கு வெளியே கலைஞர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு முழங்கினர். உள்ளே, விருது பெற்ற பில் வெஸ்டன்ஹோஃபர் நிறுவனத்தின் இடரைச் சொல்லத் தொடங்க, இசை எழுந்து பேச்சை விழுங்கிற்று! படமோ உலகெங்கும் 60 கோடி டாலருக்கு மேல் குவித்தது.

காரணம் என்ன? குறித்த தொகைக்கு வேலையை ஏற்பர். திருத்தங்கள் பெருகும், கூலி பெருகாது. மானியம் தரும் நாட்டை நோக்கி வேலை பறக்கும்.

சேலையிலே கடையின் பெயர் உண்டு. நெய்தவன் பெயர் இல்லை. திரையிலே பெயர்கள் ஓடும். அவை தொடங்குமுன் நாம் எழுந்து நடக்கிறோம்!

இளைஞர்களே! எது இனிய கதை எனத் திரை கேட்கட்டும். எது உண்மைக் கதை, அதிலே எவர் வயிறு காய்ந்தது என நாம் கேட்போம்.