கசியவென்றே ஒரு ஓட்டை

வண்டி சூடாக இருந்தால் நான் கிட்டேயே போவதில்லை. விற்கிறவர் காலையிலேயே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, துடைத்து, "செல்ஃப் தொட்டா போதும் சார், பிடிச்சுக்கும்" என்று நிறுத்தி வைத்திருந்தால் இன்ஜின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். சுட்டால், ஆர்.சி. புக்கை மட்டும் புரட்டிவிட்டு, நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை சாவி போட வேண்டாம் என்று சொல்லிக் கிளம்பிவிடுவேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். கூலன்ட் ஓடும் இன்ஜினில் பாதி வியாதி சூட்டில் ஒளிந்துகொள்கிறது. சூட்டில் விரிந்து சீல் இறுகிவிடும், சொட்டு நின்றுவிடும், ஏற்கெனவே சொட்டியதும் அந்தச் சூட்டிலேயே காய்ந்துபோகும். ராத்திரி முழுக்க ஆறி, விடிகாலையில் சுருங்கிக் கிடக்கிற நேரத்தில்தான் உள்ளது தெரியும்.

வடபழனியில் குடியிருக்கிறவனுக்கு இந்தப் பைத்தியம் வருவதில் ஆச்சரியமில்லை. 2008ல் யமஹா ஆர்15 வந்தது. 2009ல் நிஞ்சா 250ஆர், 2011ல் ஹோண்டா சிபிஆர் 250ஆர், 2012ல் டியூக் 200, பல்சர் 200 என்எஸ், 2013ல் டியூக் 390. அன்றைக்குக் கல்லூரிப் பையன்கள் ஷோரூம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்த வண்டிகள், இன்று மூன்றாம் கை, நான்காம் கையாக 100 அடி ரோட்டுக்கும் ஆற்காடு ரோட்டுக்கும் நடுவிலுள்ள சந்துகளில் கைமாறுகின்றன. முருகன் கோயில் வாசலில் பூஜைக்கு நிற்கும்போது புது வண்டி எது, செகண்ட் ஹாண்ட் எது என்று மாலையை வைத்துச் சொல்ல முடியாது. எலுமிச்சம்பழம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரு வண்டியில் ரேடியேட்டர் ஃபின் மேலேயே சந்தனத்தை அப்பியிருந்தார்கள். பக்தியில் குறை சொல்ல மாட்டேன். காற்றுப் போகிற வழி அது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மோட்டார் சைக்கிளில் எந்த இடம் பிடிக்கும் என்று கேட்டால் டேங்கின் வளைவு என்பார்கள், சைலன்சர் என்பார்கள். எனக்குப் பிடித்தது வாட்டர் பம்புக்கு அடியில், தரையைப் பார்த்தபடி, தீக்குச்சி நுழையும் அளவுக்கு இருக்கும் அந்த வீப் ஹோல். பம்ப் ஷாஃப்ட்டின் ஒரு முனை கூலன்ட்டில் சுற்றுகிறது, மறுமுனை இன்ஜின் ஆயிலில். நடுவில் வாட்டர் சீல் ஒன்று, ஆயில் சீல் ஒன்று. இரண்டையும் ஒட்டி வைத்து நாலு பக்கமும் மூடியிருந்தால், ஒன்று போனதும் கூலன்ட் அடுத்ததன் மேல் முட்டி நின்று, ஒருநாள் ஆயிலில் இறங்கியிருக்கும். அதனால் இரண்டுக்கும் இடையே கொஞ்சம் இடம் விட்டு, அங்கிருந்து வெளியே ஒரு வழி வைத்தார்கள். சீல் என்றைக்காவது தோற்கும், தோற்றால் ரோட்டில் சொட்டட்டும், பேரிங்குக்குப் போக வேண்டாம் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். மற்ற எல்லா இடத்திலும் கசியக் கூடாது என்று கேஸ்கெட்டும் ஓ-ரிங்குமாகப் போட்டு இறுக்கியவர்கள், இந்த ஓர் இடத்தில் கசியவென்றே துளை போட்டார்கள். எனக்கு இது பெரிய ரசனையாகப் படுகிறது.

அதைப் பார்க்கிற விதம் ஒன்று இருக்கிறது. வண்டி மற்ற இடங்களில் எவ்வளவு அழுக்கோ அதே அழுக்கு அங்கேயும் வறண்டு படிந்திருந்தால் நல்ல சகுனம். ஓட்டையின் உதட்டில் பச்சையாகவோ நீலமாகவோ வெள்ளையாகவோ பொருக்குத் தட்டியிருந்தால், மெல்லக் கசிந்து காய்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஈரமும் இனிப்பு வாடையும் இருந்தால் வாட்டர் சீலுக்கு நாள் நெருங்கிவிட்டது. கறுப்பாக ஆயில் பிசுக்கு என்றால் ஆயில் சீல். பழைய ஆட்கள் சிலர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். வேண்டாம். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். தெருநாயும் பூனையும் அதை நக்கிவிட்டுச் சாகின்றன. வடித்த கூலன்ட்டைத் தட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்த மெக்கானிக் அண்ணன் குமரன் காலனிப் பக்கம் ஒரு சந்தில் இருந்தார். அதிகம் பேச மாட்டார். "பச்சையா வந்தா வெளி சீல், கறுப்பா வந்தா உள் சீல், பளபளன்னு இருந்தா எவனோ வேலை பண்ணியிருக்கான் சார்." அந்த மூன்றாவதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். ஒரு நண்பருக்காகப் பார்க்கப் போன வண்டியில் இன்ஜின் முழுக்கச் சேறு, பம்புக்கு அடியில் மட்டும் ஓர் அங்குலம் சுத்தம், மேலே கறுப்பு பெயின்ட். அண்ணன் ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினார். பெயின்ட்டுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் எம்-சீல். ஒன்றும் பேசாமல் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே பால் டீ.

"அண்ணே, விலையைக் குறைச்சுக் கேட்டுப் பார்க்கலாமா?"

"சும்மா குடுத்தாலும் வேணாம் சார். பேரிங் எத்தினி நாளா இதைக் குடிக்குதோ."

சொட்டிக்கொண்டிருந்தால் சீலும் கேஸ்கெட்டும் கூலியுமாக முடிந்திருக்கும். சொட்டை மறைக்கப் போய் இன்ஜினையே இறக்க வேண்டியதாகிவிட்டது.

ரசிகர்களுக்குள் இதில் கட்சிகள் உண்டு. எல்லாம் ரேடியேட்டர் மூடியில்தான் இருக்கிறது என்பது ஒரு கட்சி. மரியாதைக்குரிய கட்சிதான். தலையில் 1.1 என்று அச்சடித்த அந்தச் சின்ன மூடி, பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 107 டிகிரியில் கொதிக்க வேண்டியதை 130 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ இன்ஜினில் ஒரு குறையும் இல்லாமலே வண்டி கொதிக்கும். நடுவிலுள்ள குட்டி வால்வு ஒட்டிக்கொண்டால், ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து கூலன்ட் திரும்ப வராது. காலையில் போய்ப் பார்த்தால் ஹோஸ் சப்பிக் கிடக்கும். சூட்டுக்கும் ஆறலுக்கும் டேங்கில் மட்டம் ஏறி இறங்கவே இல்லை என்றாலும் அதுவே காரணமாக இருக்கலாம். ஆனாலும் மூடி சில நூறு ரூபாய் சமாசாரம். மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். மாற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்வதில் எனக்குச் சுவாரசியம் குறைவு.

இரண்டாவது கட்சியோடு எனக்கு ஒத்துப்போகாது. "மெட்ராஸ்ல குளிர் ஏது? தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடு" என்கிற கட்சி. கத்திரி வெயிலில் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி பைபாஸில் காற்று வாங்கிக்கொண்டு போகும்போது இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வந்து சேராது. இன்னும் ஆறித்தான் இருக்கிறது என்று ஈசியு பெட்ரோலைக் கூட்டி ஊற்றும், மைலேஜ் விழும், எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கும். சந்தேகம் இருந்தால் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு போட்டு அடுப்பில் வையுங்கள். உள்ளிருக்கும் மெழுகு உருகி, 80 டிகிரியை ஒட்டி வாய் திறந்தால் திரும்ப அதையே மாட்டுங்கள்.

ஸ்கேனர் கட்சி இப்போது வளர்ந்திருக்கிறது. செல்போனில் எண் வருகிறது, அதைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். சென்சார் தான் உட்கார்ந்திருக்கிற இடத்தின் சூட்டைத்தான் சொல்லும். கூலன்ட் மாற்றியவர் காற்றைச் சரியாக வெளியேற்றாமல் விட்டிருந்தால் சென்சாரைச் சுற்றிக் காற்றுக் குமிழ் நிற்கும், ஹெட் கொதித்துக்கொண்டிருக்கும், எண் சாதுவாக இருக்கும். பல வண்டிகளில் மீட்டரில் தெரியும் கட்டங்களும் அப்படித்தான், நடுவில் வெகுநேரம் அசையாமல் நின்றுவிட்டு ஒரேயடியாக மேலே ஏறும்.

எனக்கு ஆற்காடு ரோடே ஸ்கேனர். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடந்த வருஷங்களில் வடபழனி சிக்னலிலிருந்து போரூர் வரை சாயங்காலத்தில் முதல் கியரில் ஊர்ந்தவர்களுக்கு ஃபேனின் அருமை தெரியும். அந்த நெரிசலில் ஃபேன் ஓடத் தொடங்கும் நேரம், ஓடி நிற்கும் நேரம், இரண்டையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஓடவே இல்லையென்றால் ஃபேனுக்கு நேராக பேட்டரி கொடுத்துப் பாருங்கள். சுற்றினால் மோட்டார் பிழைத்தது. குற்றம் ரிலேயிலோ சென்சாரிலோ வயரிலோ. போரூர் தாண்டி பைபாஸில் ஏறி 80ல் பிடித்துப் பாருங்கள். நெரிசலில் கொதித்து இங்கே ஆறினால் காற்றுப் போதவில்லை: ஃபேன், ஃபின், அழகுக்கு மாட்டிய கிரில். நெரிசலில் சும்மா இருந்து இங்கே ஏறினால் கூலன்ட் போதிய அளவு ஓடவில்லை: பம்ப் இம்பெல்லர், உள்ளே அடைத்த ரேடியேட்டர், முழுசாகத் திறக்காத தெர்மோஸ்டாட். ஹெட் கேஸ்கெட் போனதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் வாயில் குமிழ் விடாமல் வரும். மூடியைப் போட்டால், தண்ணீர் சூடாவதற்கு முன்பே ஹோஸ் கல்லாகிவிடும். சூடான வண்டியில் மட்டும் மூடியைத் திறந்துவிடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்குத் தனி அக்கறை வேண்டும். ஜப்பான் கம்பெனிகள் சிலிகேட் கலந்த கூலன்ட்டை விரும்புவதில்லை, பம்ப் சீல் தேயும் என்பதால். ஐரோப்பாக்காரர்கள் பாஸ்பேட்டை ஒதுக்குகிறார்கள், உப்புத் தண்ணீரில் அது படிந்துவிடும் என்பதால். ஜப்பான் வண்டியில் பாஸ்பேட் கூலன்ட்டை போர்வெல் தண்ணீரோடு கலந்து ஊற்றினால் என்ன ஆகும் என்பதை இந்த ஏரியாவில் யாருடைய கெட்டிலுக்குள்ளும் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். டிஸ்டில்டு வாட்டர் வாங்கச் சோம்பல். கலரை வைத்துக் கூலன்ட்டைச் சேர்க்கும் வழக்கம் அதைவிட மோசம். பச்சைக்குப் பச்சை என்று யாரும் எழுதி வைக்கவில்லை; டப்பாவின் பின்பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது.

பழைய ஆட்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்களுக்கு 1985க்குப் பிறகு பிளக் நிறம் பார்ப்பதோடு வைத்தியம் முடிந்தது. புல்லட்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே: தண்ணீர் ஊற்றினால் அது காராம். திருவொற்றியூரில் புல்லட் செய்த அந்தக் கம்பெனியே 2023ல் புது ஹிமாலயனுக்கு ரேடியேட்டர் வைத்துவிட்டது என்று நான் சொல்வதில்லை, சண்டை வரும். காற்றில் ஆறும் இன்ஜினின் அழகு எனக்கும் தெரியும். ஆனால் சுஸுகி ஜிடி 750 வந்தது 1971ல். அரை நூற்றாண்டு தாண்டிய பிறகும் இதைப் புது மோகம் என்று சொன்னால் எப்படி?

என் குறை வேறே. வாட்டர் வாஷ் கடைகள் பெருகிவிட்டன. நுரையைப் பூசி, கன்னை ரேடியேட்டருக்கு ஓரடி தூரத்தில் பிடித்து அடிக்கிறார்கள். ஃபின் மடிந்து படுத்துவிடுகிறது. ஓட்டையின் உதட்டில் மாதக்கணக்கில் சேர்ந்த பொருக்கு ஒரு நிமிஷத்தில் போய்விடுகிறது. வண்டி விற்பதற்கு முந்தின நாள் எல்லோரும் வாஷுக்கு விடுவது வழக்கமாகிவிட்ட பிறகு எதைப் பார்த்துச் சொல்வது?

சீல் மாற்றும் கையும் அருகிவிட்டது. அண்ணன் பழைய சீலைக் கழற்றியதும் புதியதைத் தேட மாட்டார். முதலில் ஷாஃப்ட்டைத் துடைத்து, கட்டை விரல் நகத்தை அதன் நீளவாக்கில் மெல்ல ஓட்டுவார். ஆயில் சீல் உட்காரும் இடத்தில் நகம் சிக்கினால் அங்கே பள்ளம் விழுந்துவிட்டது. ஷாஃப்ட்டையும் சேர்த்து மாற்றாவிட்டால் புது சீல் சில மாதம்தான் தாங்கும். வாட்டர் சீலின் வழவழப்பான முகத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, சரியான அளவு சாக்கெட்டை மேலே வைத்து, நேராக அழுத்தி இறக்குவார். இப்போது பல இடங்களில் சுத்தியால் ரெண்டு தட்டு. கோணலாக இறங்கிய சீல் மறுபடி கசிந்தால், "கம்பெனி சீலே இப்படித்தான் வருது சார்."

முழு பம்ப் கவரையே மாற்றுங்கள் என்று மெக்கானிக் சொல்லிவிட்டால், பழைய பாகம் தேடிப் புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டும். பழைய கவரில் பார்க்க வேண்டியது இம்பெல்லர் உரசிய தழும்பு, கேஸ்கெட் உட்காரும் முகத்தில் அரிப்பு. அப்புறம் வீப் ஹோல். சீல்கள் கழற்றிய நிலையில் வாயை வைத்து ஊதினால் காற்று உள்ளே, இரண்டு சீலுக்கும் நடுவில் வெளிவர வேண்டும். வராவிட்டால் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். கம்பியும் முட்டினால் பேரம் பேசிக்கொண்டு நிற்காமல் அடுத்த கவரை எடுக்கச் சொல்லுங்கள்.