ஏழாம் முத்திரையும் ஆறாம் வார்த்தையும்

சென்ற லெந்து நாட்களில் ஒரு மாலை, தஞ்சையைச் சுற்றியுள்ள சபைகளின் போதகர் சிலரும் இறையியல் மாணாக்கர் சிலரும் கூடி, சுவீடிய இயக்குநர் இங்மார் பெர்க்மன் 1957-இல் வெளியிட்ட ‘ஏழாம் முத்திரை’ என்னும் திரைப்படத்தைக் கண்டோம். சம்பா அறுவடை முடிந்து வயல்களில் உளுந்து காய்த்து நின்ற காலம். சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியே திரை. படம் முடிந்ததும் வாதம் எழுந்தது. இது கடவுளை மறுக்கும் படம் என்றனர் ஒரு சாரார். பிரசங்க பீடத்தில் கேட்பதைவிட ஆழமான பிரசங்கம் என்றனர் மற்றொரு சாரார். தீர்ப்புச் சொல்லுமாறு நம்மை நோக்கினர். நாம் அவசரப்படவில்லை. பெர்க்மனின் நான்கு திரைக்கதைகள் அடங்கிய ஆங்கிலத் தொகுப்பு 1960-இல் வெளிவந்தது என அறிவோம். அதைத் தேடியெடுத்து இரண்டு இரவுகளில் வாசித்தோம். படத்தைக் கண்டபின் அதன் எழுத்தை வாசிப்பதால் தெளிவும் பிறக்கிறது, மயக்கமும் பிறக்கிறது. அவ்விரண்டையும் பற்றியதே இக்கட்டுரை.

படத்தைக் காணாதோர்க்காகக் கதையைச் சுருங்கச் சொல்வோம். சிலுவைப்போரிலிருந்து திரும்பும் ஆண்டோனியுஸ் பிளாக் என்னும் வீரனைக் கடற்கரையில் மரணம் எதிர்கொள்கிறது. கறுப்பு அங்கியும் வெளுத்த முகமுமாக மனித உருவில் வருகிறது. வீரன் அதைச் சதுரங்கம் ஆட அழைக்கிறான். ஆட்டம் முடியும்வரை அவனுக்குத் தவணை. நாடெங்கும் கொள்ளைநோய். வீரனோடு அவன் ஊழியன் யோன்ஸ், நாடோடிக் கூத்தாடிகளான யோஃப், மீயா தம்பதியர், அவர்தம் கைக்குழந்தை, ஊமைபோல் வாய்திறவாத ஒரு பெண், இன்னும் சிலர் வழிநடக்கின்றனர். கடவுளைப் பற்றி உறுதியாக அறியவேண்டும் என்பது வீரனின் தவிப்பு. அந்த அறிவு அவனுக்குக் கிட்டவில்லை. ஒரு கணம் காய்களைக் கவிழ்த்து மரணத்தின் கவனத்தைத் திருப்பி, கூத்தாடிக் குடும்பம் தப்பியோட வழிசெய்கிறான். அவன் செய்து முடிக்கும் நற்செயல் அது ஒன்றே.

இது நம் நாட்டார்க்கு அந்நியமான கற்பனை என்று நாம் கருதவில்லை. தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள திருக்கடையூரில் மார்க்கண்டேயன் மீது வீசிய பாசக்கயிற்றோடு காலன் வீழ்ந்த கதையைக் கேளாதார் இப்பகுதியில் இலர். அறுபது நிறைந்தோர் இன்றும் அங்கே சென்று மணவிழா எடுக்கின்றனர். நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரிலோ இறைவன் சதுரங்கம் ஆடி அரசகுமாரியை வென்று மணந்ததாகத் தலவரலாறு. 2022-இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது அக்கோயில் நாடெங்கும் பேசப்பட்டது. காவிரிக்கரையில் தெய்வம் திருமணத்திற்காகக் காய் நகர்த்துகிறது. வடபுலத்தில் மரணம் உயிருக்காக நகர்த்துகிறது. சுவீடனில் தேபி என்னும் ஊர்த் தேவாலயத்தில், பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர் ஆல்பெர்ட்டுஸ் பிக்டோர், மரணம் சதுரங்கம் ஆடுவதாக ஓர் ஓவியம் தீட்டியுள்ளார். லுத்தரன் போதகர் ஒருவரின் மகனாகிய பெர்க்மன், தந்தை கிராமத் தேவாலயங்களில் பிரசங்கிக்கச் செல்லும்போது உடன்சென்று, இத்தகைய சுவரோவியங்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர். போதகர் வீட்டுப் பிள்ளைகள் பிரசங்க வேளையில் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நம்மில் பலர் எண்ணுவதில்லை!

நூல் நமக்குத் தரும் முதல் ஆதாயம், ஓடி மறையும் சொற்களை நிறுத்திப் பிடித்துத் தருவதே. பாவ அறிக்கைக் காட்சியைச் சொல்லலாம். கம்பிச் சாளரத்திற்கு அப்பால் இருப்பவர் குருவென்று நம்பி வீரன் தன் உள்ளத்தையும் தன் ஆட்டத் தந்திரத்தையும் கொட்டுகிறான், இருப்பதோ மரணம். திரையில் அந்த முகங்களே நம்மை ஆட்கொண்டன. தாளில் வாசிக்கும்போதுதான் அவன் கேட்பது எதுவெனப் புலப்பட்டது. அவன் விசுவாசத்தையும் கேட்கவில்லை, ஊகத்தையும் கேட்கவில்லை; கண்கூடான அறிவைக் கேட்கிறான். நம் வகுப்பறைகளில் மாணாக்கர் கேட்கத் துணியாத கேள்வி அது.

ராவால் என்னும் பாத்திரமும் வாசிப்பிலேயே கனம் பெற்றது. வீரனைப் புண்ணியப் போருக்குத் தூண்டி அனுப்பிய இறையியல் மாணாக்கன் அவன்; பத்தாண்டுகளுக்குப் பின் பிணங்களின் நகைகளைத் திருடிக்கொண்டிருக்கிறான். அவன் பயின்ற கல்லூரி டென்மார்க்கின் ரோஸ்கில்ட் நகரில் உள்ளதாம். சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய நான்காம் பிரடெரிக் மன்னர் அடக்கம் செய்யப்பட்டிருப்பதும் அந்நகரத்துப் பேராலயத்திலேயே. பெர்க்மன் இதை எண்ணி எழுதியிருக்கமாட்டார். எனினும் அவ்வூர்ப் பெயரைத் தாளில் கண்டபோது நமக்குச் சற்றே சுருக்கென்றது.

இனி மயக்கத்திற்கு வருவோம். படத்தின் தலைப்பு வெளிப்படுத்தின விசேஷம் எட்டாம் அதிகாரத்திலிருந்து வருகிறது. ஏழாம் முத்திரை உடைக்கப்பட்டபோது பரலோகத்தில் ஏறத்தாழ அரைமணி நேரம் அமைதி உண்டாயிற்று என்னும் பகுதி அது. படமும் அவ்வசனத்தோடேயே தொடங்குகிறது. இறுதியில், வீரனின் கோட்டையில் அனைவரும் உணவருந்துகையில் மரணம் உள்ளே வருகிறது. வீரன் கதறி ஜெபிக்கிறான். யோன்ஸ் எதிர்ப்புக் குரல் கொடுக்கிறான். அதுவரை வாய்திறவாத பெண் முழங்காற்படியிட்டு, முகம் ஒளிர, ஒரே ஒரு வாக்கியம் பேசுகிறாள். திரையில் அதைக் கேட்டபோது, அடியில் ஓடிய ஆங்கில எழுத்துக்களில் பெரிய வெள்ளி ஆராதனையின் ஆறாம் வார்த்தையைக் கண்டு திடுக்கிட்டோம். நூலிலோ அவ்விடத்தில், இது முடிவு என்னும் பொருளில் ஒரு சாதாரண ஆங்கில வாக்கியம் மட்டுமே நிற்கிறது!

எது சரி? 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்தபின் அதன் முதற்பேராயராய் விளங்கியவர் சுவீடியரான ஹோய்மன். அம்மிஷனெரிமாரின் நாட்களிலிருந்து சுவீடிய வேதாகமப் பிரதிகள் நம் பகுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் கிடக்கின்றன. ஒன்றை எடுத்து யோவான் பத்தொன்பதாம் அதிகாரத்தைப் பார்த்தோம். அப்பெண்ணின் உதடுகளில் நாம் கேட்ட ‘புல்போர்தத்’ என்னும் சொல்லே அங்கே இருந்தது. நிறைவாக்கப்பட்டது என்பது அதன் பொருள். ஆக, பெர்க்மன் அவள் வாயில் வைத்தது சிலுவையின் வார்த்தை. ஆங்கில நூல் அதைத் தற்செயலாகவோ வேண்டுமென்றோ வெறும் முடிவாக்கிவிட்டது. நூலை மட்டும் வாசித்தவன் இது கடவுளை மறுக்கும் படம் என்று சாதிக்க இடமுண்டு. படம் அதற்கு அவ்வளவு எளிதில் இடங்கொடுக்காது. படம் தொடங்கும் வசனம் சொல்லும் அமைதியையே அப்பெண் தன்னுள் சுமந்துவந்து இறுதியில் உடைக்கிறாள். அவள் முகம் மறைய, தப்பிப் பிழைத்த மீயாவின் முகம் திரையில் மலர்கிறது.

ஆங்கில மொழிபெயர்ப்பாளர்மேல் குற்றம் சுமத்தும் முன் நம் மொழியையும் பார்க்கவேண்டும். நம் பழைய திருப்புதலில் ஆறாம் வார்த்தை ‘முடிந்தது’ என்பதே. நிறைவேறுதலைத் தெளிவாகச் சொல்லும் சொல்லை 1995-இன் பொது மொழிபெயர்ப்பு மேற்கொண்டது. டெல்டா உழவரின் பேச்சில் நடவு முடிந்தது என்றால் நல்ல செய்தி. ஒருவர் கதை முடிந்தது என்றால் துக்கச் செய்தி. ஒரே சொல் இருபுறமும் சாய்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்வந்த நாட்களில் நாகைக் கடற்கரையில் அடக்க ஆராதனைகள் நடத்தினோம். இரு பிள்ளைகளை இழந்த ஒரு தாய் மூன்று நாட்களாக ஒரு சொல்லும் பேசவில்லை. மண் தள்ளி, ஜெபம் சொல்லி, புத்தகத்தை மூடியபோது நம்மைப் பார்த்து, “முடிஞ்சுதுங்களா ஐயா?” என்றார். “முடிஞ்சுதும்மா” என்றோம். அவர் கேட்டது ஆராதனையையா, வேறெதையுமா என்று இன்றுவரை நமக்கு விளங்கவில்லை. அடுத்துவந்த பெரிய வெள்ளியில் ஆறாம் வார்த்தையைப் பிரசங்கிக்கும் முறை நமக்கு வந்தது. கடன் தீர்ந்தது, கணக்கு முடிந்தது என்று வழக்கம்போல் சொல்லத் தொடங்கி, நடுவில் நா எழவில்லை. அந்த ஊமைப் பெண்ணின் முகத்தைத் திரையில் கண்டபோது அத்தாயின் முகம் நினைவுக்கு வந்தது. தாளில் அவ்வரியைக் கடந்தபோது அப்படி எதுவும் நேரவில்லை.

படத்தில் குறையில்லை என்பதன்று. திருச்சபையைச் சார்ந்தோரில் தங்களைத் தாங்களே சவுக்கால் அடித்துக்கொள்ளும் கூட்டமும், இளம்பெண்ணைச் சூனியக்காரி என்று எரிப்போரும், ராவாலும் மட்டுமே கண்ணில் படுகின்றனர். கொள்ளைநோயில் பிணியாளரருகே அமர்ந்து தாமும் மடிந்த குருமாரும் கன்னியரும் அக்காலத்தில் இருந்தனர். அவர்களில் ஒருவருக்கும் இங்கே இடமில்லை. வீரனின் நீண்ட உரைகள் தாளில் சிறக்கின்றன; திரையில் சில இடங்களில் மேடை நாடகமாகத் தோன்றுகின்றன. மால்மோவில் நடிப்புப் பயின்ற மாணாக்கருக்கென எழுதிய ஓரங்க நாடகத்திலிருந்து இக்கதை விரிந்ததால் அத்தழும்பு போகவில்லை போலும். தொகுப்பின் முன்னுரையில் பெர்க்மனே திரைப்படத்திற்கும் இலக்கியத்திற்கும் உறவில்லை என்று வாதிடுகிறார். அப்படியானால் இந்நூல் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டுக்கொண்டே நாம் அதை இருமுறை வாசித்தோம்.

கடைசியாக மாணாக்கர் ஒருவர் எழுப்பிய வினா ஒன்றுண்டு. விடியலில், புயல்வானத்தின் விளிம்பில் மரணம் அனைவரையும் கைகோத்து ஆடவைத்து இழுத்துச் செல்வதை யோஃப் காண்கிறான். கண்டவரைப் பெயர் சொல்லி எண்ணுகிறான். கொல்லன், அவன் மனைவி, வீரன், ராவால், யோன்ஸ், கூத்தாடி ஸ்காட். வீரனின் மனைவி காரினும் ஊமைப் பெண்ணும் அவ்வெண்ணிக்கையில் இல்லை. அவளுக்கு நூலிலும் பெயர் கிடையாது. அவள் அந்த ஆட்டத்தில் இருக்கிறாளா என்று மாணாக்கர் கேட்டார். நூலைப் புரட்டினோம், அவளைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை. படத்தை மீண்டும் ஓட்டி நிறுத்திப் பார்த்தோம். தொலைவில் கரிய நிழலுருவங்கள், முகம் தெரியவில்லை. படப்பிடிப்பன்று மேகம் திடீரெனக் கூடியபோது நடிகர் பலர் போய்விட்டிருந்ததால், வேலையாட்களையும் வேடிக்கை பார்க்க வந்தோரையும் அவசரமாக நிறுத்தி அக்காட்சியை எடுத்ததாகப் பெர்க்மன் பின்னர் கூறியிருக்கிறார்.